லேஅவுட் ஷிப்ட்: ‘நழுவல்’ என்று சொல்லலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். இணையப் பக்கம் திறந்துகொண்டிருக்கும்போதே அதில் உள்ளவை திடீரென்று இடம் மாறுவதைத்தான் லேஅவுட் ஷிப்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> இயற்பியலில் ‘இடப்பெயர்ச்சி’ ஏற்கனவே இருக்கிறது. லேஅவுட் ஷிப்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு வாரமாக இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குமுளியில் என் மைத்துனர் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். அதன் இணையக் கடையைப் பார்த்துக்கொள்வது நான். போன மாதம் கம்பத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். 8 மி.மீ. காய் கால் கிலோ கேட்டவருக்கு 6 மி.மீ. காய் போயிருக்கிறது. ஆர்டரைப் பார்த்தால் அழுத்தப்பட்டிருப்பதே 6 தான். கடையில் உட்கார்ந்து, என் போனில் நெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கித் திறந்து பார்த்தேன். 8 மி.மீ. பொத்தானுக்கு விரல் போகும் நேரத்தில் மேலே தோட்டத்துப் படம் வந்து உட்காருகிறது. பக்கம் முழுக்கக் கீழே இறங்குகிறது. அதற்கு மேல் இருந்த 6 மி.மீ. பொத்தான் விரலுக்கு அடியில் வந்துவிடுகிறது.

பக்கத்தில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த சேச்சியிடம் போனைக் கொடுத்தேன். அவருக்கும் அதே கதிதான். ‘கையீன்னு வழுதிப் போயி’ என்றார். தமிழில் நாம் ‘கையிலிருந்து நழுவிப் போச்சு’ என்போமே, அதுதான். என் ஓட்டு ‘நழுவல்’ பக்கம் சாய்ந்தது அப்போதுதான்.

இடப்பெயர்ச்சி என்றால் ஒரு பொருள் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்ந்தது என்பது மட்டுமே. லேஅவுட் ஷிப்டில் பயனர் எதிர்பாராமல் நகர்வதுதான் முக்கியம். ‘மேலும் காட்டு’ என்பதை நாமே அழுத்திப் பக்கம் விரிந்தால் அது கணக்கில் வராது. பயனர் தொட்ட 500 மில்லிநொடிக்குள் நடக்கும் நகர்வுகளை, ஷிப்டை அளக்கும் முறையே கணக்கில் சேர்ப்பதில்லை. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்கிறோம். யாரும் பழத்தைத் தள்ளவில்லை. அந்த எதிர்பாராமை ‘நழுவு’ என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘தளவமைப்பு மாற்றம்’ என்றால் கடைக்காரர் புது டிசைன் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ‘துள்ளல்’ நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் கன்றுக்குட்டியின் மகிழ்ச்சி வந்துவிடுகிறது.

‘நழுவல் பதில்’ என்று மழுப்பலுக்கும் சொல்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘பக்கம் நழுவுகிறது’ என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இதை ‘வேகம்’ என்ற தலைப்பின் கீழே போட்டுவைத்திருக்கிறோம். முதலில் நானும் வேகக் கோளாறு என்றுதான் நினைத்தேன். படங்களையெல்லாம் அளவில் சிறிய வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினேன். பக்கம் சீக்கிரம் வந்தது, ஆனாலும் நழுவியது. படம் வந்து சேரும்வரை அதன் உயரம் உலாவிக்குத் தெரியாது, அதனால் இடம் விடாமல் மற்றதை அடுக்கிவிடுகிறது. நிரலில் ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதியபிறகுதான் நின்றது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான் இது. இந்தச் செயலுக்கு ‘இடம்பிடிப்பு’ என்று வைத்தால் என்ன? தமிழ் எழுத்துரு தாமதமாக வந்தாலும் இதே கதைதான். அது வரும்வரை காட்டும் மாற்று எழுத்துருவில் இரண்டு வரியில் அடங்கிய பொருளின் பெயர் மூன்று வரியாகிவிடும், கீழே உள்ளதெல்லாம் இறங்கும். நம் தளங்களில் இதை அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம், கியூமுலேட்டிவ் லேஅவுட் ஷிப்ட். ஒரு பக்கம் எவ்வளவு நழுவுகிறது என்று காட்டும் எண் அது. ‘மொத்த நழுவல்’ என்று எழுதியிருந்தீர்கள். 2021 முதல் பக்கம் திறந்திருக்கும் நேரம் முழுவதையும் அது கூட்டுவதில்லை. அடுத்தடுத்து வரும் நழுவல்களை, அதிகபட்சம் 5 நொடிக்குள், ஒரு கொத்தாகச் சேர்த்து, பெரிய கொத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் ‘திரள் நழுவல்’ பொருந்தும் என்று தோன்றுகிறது. 0.1 வரை நல்லது, 0.25-ஐத் தாண்டினால் மோசம். இந்த எண்ணை ‘மதிப்பெண்’ என்று மொழிபெயர்த்தால் அதிகம் எடுப்பது நல்லது என்று படித்துவிடுவார்கள். ‘திரள் நழுவல் அளவு’ என்று போடலாமா?

‘திரள்’ வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்ற வேண்டும்.

குமுளியிலிருந்து,
அன்புடன்