சீஸ் அழுத்தும் கட்டை: சீஸ் ஒரு பக்கம் சாய்கிறது, நடுவில் தண்ணி நிற்கிறது. உதவி தேவை

கேள்வி (கண்டாவளை)

வணக்கம். வீட்டில் மூன்று பசு நிற்கின்றன. பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கிறோம். கிழமையில் ஒருநாள் மட்டும் பத்து லீற்றரை நிறுத்தி சீஸ் செய்து பழகுகிறேன். பாலை 63 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, 32க்கு ஆறவிட்டு, கல்ச்சரும் (பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) ரெனெட்டும் (பாலை உறைய வைக்கும் நொதியம்) சேர்க்கிறேன். நாற்பது நிமிடத்தில் உறைந்த பாலில் கத்தி விட்டால் சுத்தமாகப் பிளக்கிறது. அதுவரை பிரச்சினை இல்லை.

அழுத்தும் கட்டையை நானே செய்தேன். பழைய வீட்டு நிலையில் மிஞ்சிய பாலைமரத் துண்டுதான் தடி. நீளம் 75 சென்ரிமீற்றர். ஒரு முனை தூணில் ஆணிபோட்டு ஆடுகிறது. தூணிலிருந்து 15 சென்ரிமீற்றரில் அச்சுக்குள் இறங்கும் கோல், 60இல் தண்ணீர்க் கான். அச்சு 15 சென்ரிமீற்றர் அகலமான சில்வர் டப்பா, சுற்றிலும் துளை போட்டது. உள்ளே இறங்கும் பலகை முதிரை மரம், பொலித்தீன் சுற்றியிருக்கிறேன்.

மூன்று தடவையும் ஒரே கதை. மாலை ஆறு மணிக்கு 20 லீற்றர் கானை நிரப்பித் தொங்கவிட்டு, காலை ஆறுக்கு எடுக்கிறேன். சீஸ் ஒரு பக்கம் 7 சென்ரிமீற்றர், மறுபக்கம் 4. மேல்தோல் பளபளவென்று இறுகிவிடுகிறது. வெட்டினால் நடு உதிர்கிறது, சின்னக் குழிகளில் புளித்த தண்ணி. இன்னும் பாரம் போட வேண்டுமா?

பதில் (நெடுங்கேணி)

நடுவில் தண்ணி நின்றால் பாரம் காணாது என்றுதான் அர்த்தம். இன்னொரு கானையும் கட்டிப் பாருங்கள்.

பதில் (கனகராயன்குளம்)

நெடுங்கேணி அண்ணை குறை நினைக்க வேண்டாம், பாரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தம்பி, உங்கள் கணக்கை ஒருக்கால் போட்டுப் பாருங்கள். 60ஐ 15ஆல் பிரித்தால் நான்கு. 20 கிலோ தண்ணி 80 கிலோவாக இறங்குகிறது. அலவாங்கால் எப்படிச் சின்னப் பலத்தில் பெரிய கல்லை நெம்புகிறோமோ, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

தடியின் நிறையை நீங்கள் சேர்க்கவில்லை. பாலைமரம் தண்ணீரில் தாழும். உங்கள் தடி இரண்டே முக்கால் கிலோ என்று வைத்தால், அதன் நடு தூணிலிருந்து 37 சென்ரிமீற்றரில் இருக்கிறது. அது மட்டும் ஆறேழு கிலோ. கானைத் தொங்கவிட முன்னமே அவ்வளவு பாரம் சீஸில் ஏறிவிட்டது. நம்பிக்கை இல்லாவிட்டால் கோலுக்குக் கீழே ஒரு தட்டைத் தராசை வைத்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த அன்றுதான் எனக்கும் விளங்கியது.

தொடக்கத்திலேயே அவ்வளவு பாரம் இறங்கினால் வெளித்தோல் முதலில் மூடிவிடும். உள்ளே இருக்கிற தண்ணிக்கு வழி இல்லை. ஆகவே முதல் கால் மணித்தியாலம் கானே வேண்டாம், தடி மட்டும் போதும். எடுத்துத் திருப்பி, துணியை மாற்றிக் கட்டி, ஐந்து லீற்றர் கான் ஒன்றில் இரண்டு லீற்றர் விட்டு அரை மணித்தியாலம். பிறகு திரும்பவும் புரட்டி, ஐந்து லீற்றரும் நிரப்பலாம். ஏறக்குறைய 27 கிலோ வரும். 15 சென்ரிமீற்றர் அச்சுக்கு அது நல்ல தொடக்கம். யாராவது 20 கிலோ, 25 கிலோ என்று சொன்னால் அவர்களுடைய அச்சின் அகலத்தைக் கேளுங்கள். 10 சென்ரிமீற்றர் அச்சில் அதே பாரம் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும்.

கேள்வி கேட்டவர் (கண்டாவளை)

அண்ணை, தராசு வைத்துப் பார்த்தேன். வெறும் தடி 7 கிலோ காட்டுது! சரி, சாய்வு ஏன்?

பதில் (கனகராயன்குளம்)

சீஸ் அமர அமர தடி சரியும். சரிந்த தடி கோலை நேரே தள்ளாது, பக்கவாட்டில் தள்ளும். கோலுக்கு மேலே சின்ன மரக்கட்டைகளை அடுக்கி, தொடங்கும்போது தடியின் முனை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கவும், சீஸ் அமர்ந்ததும் மட்டத்துக்கு வரவும் செய்யுங்கள். கோலின் மேல்முனையை உருட்டிச் சீவி, தடியின் அடியில் ஒரு குழி வெட்டி அதில் உட்காரவிடுங்கள். இறுக்கிப் பூட்ட வேண்டாம். அடிப்பலகையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், எங்கள் மண் தரையில் அது எப்போதும் சரியாக இருப்பதில்லை.

பதில் (ஒட்டுசுட்டான்)

தம்பி, அந்த முதிரைப் பலகையை எடுத்துவிடுங்கள். பொலித்தீன் எங்கேயாவது கிழியும், மரம் தண்ணி குடித்து ஊதும், அச்சின் ஒரு பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். சாய்வுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், சாப்பாட்டில் படுகிற இடத்தில் அது வேண்டாம். வெள்ளை பிளாஸ்ரிக் வெட்டுப்பலகையை வட்டமாக அறுத்துப் போடலாம். சுற்றிவர ஒரு நெல் போகிற இடைவெளி இருந்தால் போதும்.

ஆனால் உங்கள் நடு உதிர்வதற்குப் பாரம் மட்டும் காரணம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் பார்க்கிற புத்தகமெல்லாம் குளிர்நாட்டுக்காரர் எழுதியது. அங்கே ‘இரவு முழுக்க அழுத்து’ என்றால் அறை 20 பாகை. எங்கள் சித்திரை இரவில் குசினிக்குள் 30க்குக் கிட்ட நிற்கும். கல்ச்சருக்கு அது கொண்டாட்டம், விடிய விடியப் புளித்துக்கொண்டே இருக்கும். புளிப்புக் கூடினால் கல்சியம் கழன்று கட்டியின் பிடிப்பு போய்விடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. எனக்கும் இப்படி ஐந்தாறு சீஸ் மாட்டுக்குப் போனது.

நான் இப்போது விடியப்புறப் பாலில் தொடங்கி, மத்தியானம் அச்சில் போட்டு, நான்கைந்து மணித்தியாலத்தில் எடுத்துவிடுவேன். வடியும் தண்ணியை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பும் லேசான புளிப்பும் என்றால் நல்லது. பழைய மோர் மாதிரி இருந்தால் நேரம் கடந்துவிட்டது, உடனே எடுத்து உப்புத் தண்ணியில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர் (கண்டாவளை)

அக்கா, அண்ணை, இரண்டு பேர் சொன்னபடியும் செய்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அச்சு, ஐந்தரைக்கு எடுத்தேன். ஒரு பக்கம் 6, மறுபக்கம் ஐந்தரை. முதல் கால் மணித்தியாலத்தில் வடிந்த தண்ணி பச்சை மஞ்சளாகத் தெளிவாக வந்தது, முந்தி வெள்ளையாக வரும். வெட்டினேன், அரிசி அளவில் இரண்டு ஓட்டை மட்டும். அம்மா ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த துண்டையும் எடுத்தா.

ஒரே ஒரு குறை: துணி சீஸில் ஒட்டி, எடுக்கும்போது தோலும் சேர்ந்து உரிகிறது.

பதில் (ஒட்டுசுட்டான்)

காய்ந்த துணியா போட்டீர்கள்? பழைய வேட்டித்துணியை அவித்துக் கழுவி, அச்சில் விரிக்க முன் சீஸ் தண்ணியிலேயே நனைத்துப் பிழியுங்கள். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் சுருக்கத்தை இழுத்து எடுங்கள். கடைசி அரை மணித்தியாலம் துணி இல்லாமல் அழுத்தினால் அடையாளமும் இருக்காது.