பவுலின் கடிதங்களை வைத்து இயேசு வாழ்ந்தவர் என்று சொல்ல முடியுமா?

புதுவாசகன்:
நற்செய்தி நூல்கள் வந்தது இயேசு இறந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து. அதற்கு முன்பே எழுதிய பவுலோ இயேசுவை நேரில் பார்த்தவரில்லை, தரிசனம் கண்டதாகத்தான் சொல்கிறார். அப்புறம் அவர் கடிதங்கள் எப்படிச் சான்றாகும்? எந்த வசனத்தில் தொடங்குவது?

ஓலைநறுக்கு:
முதலில் கடிதங்களைப் பிரியுங்கள். பவுல் பெயரில் 13 உண்டு. அவர் எழுதியவைதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது 7: ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். இயேசுவுக்குத் தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் வருகிறதே என்று 1 தீமோத்தேயு 6:13-ஐத் தூக்கிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். அது இந்த ஏழில் சேராது.

தொடங்க வேண்டிய இடம் கலாத்தியர் 1:18-19. தரிசனம் கண்டு மூன்று வருஷம் கழித்து பவுல் எருசலேம் போய், கேபாவோடு (அதாவது இயேசுவின் சீடர் பேதுருவோடு) 15 நாள் தங்கினார். வேறு அப்போஸ்தலர்களில் 'கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை', அதாவது இயேசுவின் சகோதரனை, மட்டும் பார்த்தாராம். அந்த அதிகாரத்தில் அவர் வாதமே, தன் சுவிசேஷம் மனிதர்களிடம் கற்றதில்லை என்பது. யாரையுமே பார்க்கவில்லை என்றிருந்தால் அவருக்குத்தான் வசதி. தன் வாதத்துக்கு இடைஞ்சலானதை ஒத்துக்கொண்டு, அடுத்த வசனத்திலேயே பொய் சொல்லவில்லை என்று கடவுளைச் சாட்சிக்கு இழுக்கிறார். இதுதான் கனமான சான்று.

ஐயவாதி:
சபையில் எல்லாரும் சகோதரர்தானே? அது ஒரு குழுவின் பட்டமாக இருக்கக்கூடாதா?

ஓலைநறுக்கு:
1 கொரிந்தியர் 9:5 பாருங்கள். மற்ற அப்போஸ்தலர், கர்த்தருடைய சகோதரர், கேபா என்று தனித்தனியாக எண்ணுகிறார். பட்டம் என்றால் கேபாவுக்கு ஏன் இல்லை? ஒன்றுவிட்ட சகோதரர் என்ற கத்தோலிக்க விளக்கத்தை ஏற்றாலும் உறவு உறவுதான்.

கல்வெட்டுப்பித்தன்:
வெளிச்சான்றும் உண்டு. 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு' கல்லெறிந்து கொல்லப்பட்டதை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தம் யூத வரலாற்றின் 20-ஆம் புத்தகத்தில் சொல்கிறார், நடந்தது கி.பி. 62 வாக்கில். 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வரும் பத்தியை முன்னால் வைக்காதீர்கள், அதில் கிறிஸ்தவக் கைவேலை கலந்திருக்கிறது.

காலக் கணக்குக்கு 2 கொரிந்தியர் 11:32. தமஸ்குவில் நபத்தேய அரசரான அரேத்தா ராஜாவின் அதிகாரியிடமிருந்து பவுல் தப்பியது அங்கே வருகிறது. அரேத்தா இறந்தது கி.பி. 40 வாக்கில். சிலுவைச் சம்பவம் கி.பி. 30 வாக்கில். ஆக பவுல் இயேசுவைப் பின்பற்றியவர்களின் வட்டத்துக்குள் வந்தது அதற்குச் சில வருஷத்துக்குள்ளேயே.

ஐயவாதி:
சரி. ஆனால் நாசரேத்து, மரியாள் பெயர், அற்புதங்கள் எதுவும் அந்த ஏழில் இல்லையே.

ஓலைநறுக்கு:
இல்லைதான். ஆள் இருந்தார் என்பதற்கு மேல் வாழ்க்கை வரலாறு எழுத இவை போதாது. யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்று வரும் 1 தெசலோனிக்கேயர் 2:14-16-ஐயும் தள்ளியே வையுங்கள். பிற்சேர்க்கை என்ற சந்தேகம் பலருக்கு உண்டு.