முடிவுல ஏ-யா, ஐ-யா?

*குடும்பக் குழு*

கவின்: அத்தை, நித்யா அக்கா, யாராவது இருக்கீங்களா? விசிபிள், ரீடபிள் ரெண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் முடியுது. எழுதுறப்ப எதுக்கு ஏ-பி-எல்-இ, எதுக்கு ஐ-பி-எல்-இ? ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்றது ஒண்ணுதான் வழியா?

மல்லிகா அத்தை: வேணாம்டா. வாலை வெட்டிட்டு மிச்சத்தைப் பாரு. அது தனி வார்த்தையா நின்னா பெரும்பாலும் ஏ. ரீட் நிக்குது, டிபெண்ட் நிக்குது. அதனால ரீடபிள், டிபெண்டபிள். விசிபிள்ல 'விஸ்'தான் மிஞ்சும், அப்படி ஒண்ணு கிடையாது, ஐ போடு. பாசிபிள், டெரிபிள், ஆடிபிள் எல்லாம் அதே கதை.

செந்தில் மாமா: அந்தப் 'பெரும்பாலும்' முக்கியம் கவின். ஆக்செஸ், ஃப்ளெக்ஸ், கொலாப்ஸ், கன்வெர்ட் நாலும் முழு வார்த்தை, ஆனா நாலுக்கும் ஐ-தான். அந்தப் பக்கம் ப்ராபபிள், ஃபார்மிடபிள், இனெவிடபிள். வெட்டினா எதுவும் நிக்காது, ஆனாலும் ஏ. இந்த ஏழு வார்த்தையை மட்டும் நெட்டுரு போட்டுக்க, மத்ததுல பாதிக்கு மேல அத்தை சொன்ன வழியே கை குடுக்கும்.

கவின்: எதுக்கு இப்படி ரெண்டு வெச்சிருக்காங்க?

செந்தில் மாமா: லத்தீன் வெச்ச வினை. அங்க 'ஆரே'னு முடியுற வினைக்கு 'ஆபிலிஸ்' ஒட்டும், மத்த வகைக்கு 'இபிலிஸ்'. ஆங்கிலம் ரெண்டையும் வாங்கிக்கிச்சு. இப்போ புதுசா உண்டாகுறதுக்கு ஏ மட்டும்தான்: டவுன்லோடபிள், க்ளிக்கபிள். எதுவும் புரியலைன்னா ஏ போடு, அந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

மல்லிகா அத்தை: மார்க் போறது ஏ-யா ஐ-யாங்கிறதுல கூட இல்ல, ஒட்டுற இடத்துல. யூஸ் கடைசி இ-யை விட்டுடும்: யூசபிள். நோட்டிஸ், மேனேஜ் ரெண்டும் இ-யை விடவே கூடாது. விட்டா சி-க்குப் பக்கத்துல ஏ வந்து உட்காரும், 'நோட்டிக்கபிள்'னுதான் படிக்கத் தோணும். ஐ வந்தா அந்தத் தொல்லை இல்ல, அதான் ரிட்யூசிபிள்ல இ போயிடுது.

மல்லிகா அத்தை: இன்னொண்ணு. டாலரேட் மாதிரி ஏ-டி-இ-ல முடியுற நீள வினைல அந்த மூணு எழுத்தையும் கழட்டிட்டு ஒட்டணும்: டாலரபிள். டிபேட், ட்ரான்ஸ்லேட் மாதிரி ரெண்டு அசை வினைல கடைசி இ மட்டும் போகும், டி தங்கிடும்.

நித்யா அக்கா: இப்பதான் பார்த்தேன். கவின், உனக்கு எழுத்துத் தேர்வு மட்டுமா, பேசுற தேர்வும் இருக்கா?

கவின்: ரெண்டும் இருக்கு அக்கா 😐

நித்யா அக்கா: அப்போ 'ஷன்' கவனி. எல்லாத்தையும் ஒரே ஷன்னு சொல்லிட்டுப் போறோம், அங்கேயே மூணு ஒலி இருக்கு. தொண்டைல ரெண்டு விரல் வெச்சுக்கிட்டு மெஷர்னு சொல்லு. நடுவுல இருக்குற ஷ-வுல விரல் அதிரணும். அதிரலைன்னா காத்து மட்டும்தான் போகுது, திருப்பிச் சொல்லு. விஷன், டிசிஷன், கன்ஃப்யூஷன் மூணுக்கும் அந்த அதிர்ற ஷதான். உயிரெழுத்துக்குப் பின்னாடி ஒத்தை எஸ்-ஐ-ஓ-என் வந்தா இப்படி.

நித்யா அக்கா: என், எல்-க்குப் பின்னாடி வந்தாலோ ரெட்டை எஸ் இருந்தாலோ அதிராது: டென்ஷன், எமல்ஷன், பெர்மிஷன். டி-ஐ-ஓ-என்னும் அதிராது, ஈக்வேஷன் மட்டும் விதிவிலக்கு. மூணாவது, டி-க்கு முன்னாடி எஸ் இருந்தா 'ச்சன்'. கொஸ்டின் இல்ல, கொஸ்டியன் இல்ல, கொஸ்ச்சன். சஜெஸ்ச்சன், டைஜெஸ்ச்சன் ரெண்டும் அப்படியே.

கவின்: எழுதுறப்ப எஸ்-ஸா டி-யானு எப்படித் தெரியும்?

மல்லிகா அத்தை: வினையைப் பாரு. 'ட்'ல (டி அல்லது டி-இ எழுத்து, கேட்கிறது மெல்லிய 'ட') முடிஞ்சா எஸ்: எக்ஸ்பேண்ட், டிசைட், கன்க்ளூட். 'மிட்'ல முடிஞ்சா ரெட்டை எஸ்: அட்மிட், சப்மிட், பெர்மிட். அட்டெண்ட், இண்டெண்ட் ரெண்டும் ஏமாத்தும், அதுங்களுக்கு டி-ஐ-ஓ-என். தொழில் பண்ற ஆளைச் சொல்றதா இருந்தா சி-ஐ-ஏ-என்: மியூசிஷன், எலக்ட்ரிஷன், பாலிடிஷன்.

நித்யா அக்கா: அத்தை, தமிழ்ல எழுதினா டி-யும் டி-யும் ஒண்ணாயிடுது பாருங்க 😂 கவின், வினைக் கடைசில வரும்னு அத்தை சொன்ன டி ஆங்கில எழுத்து வரிசைல நாலாவது.

நித்யா அக்கா: என்னைக் கேட்டா இதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம், அதாவது எந்த அசையைப் பலமாச் சொல்றோம்ங்கிறது. வாலை வெச்சே அழுத்தம் எங்கனு சொல்லிடலாம். ஷன், இக், இட்டி மூணுக்கும் அழுத்தம் வாலுக்கு நேர் முன்னாடி அசைல. எடுகேட்ல 'எ'-வுல விழுது, எடுகேஷன்ல 'கே'-வுக்கு நகருது. எகானமில 'கா', எகனாமிக்ல 'நா'. ஆக்டிவ்ல 'ஆக்', ஆக்டிவிட்டில 'டி'. ஃபோட்டோகிராஃபை எடுத்தா இன்னும் நல்லாத் தெரியும்: தனியா நின்னா 'ஃபோ', கிராஃபினு முடிஞ்சா 'டாக்', கிராஃபிக்னு முடிஞ்சா 'கிராஃப்'.

நித்யா அக்கா: அழுத்தம் போன இடத்துல உயிரொலி முழுசாக் கேட்கும், மத்த இடத்துல மங்கிடும். நாம எல்லா அசைக்கும் சமமா எடை குடுத்துப் பேசிப் பழகினவங்க. அதனாலதான் எழுத்து ஒண்ணு கூட விடாம சொன்னாலும் எதிர்ல இருக்குறவர் 'பார்டன்?'ங்கிறார்.

கவின்: விதிவிலக்கு?

நித்யா அக்கா: இக்ல கொஞ்சம்: அரபிக், பாலிடிக்ஸ், கத்தோலிக், லூனடிக். எல்லாம் முதல் அசை. ஷன்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அழுத்தத்தைத் தானே வாங்கிக்கிற வாலும் உண்டு: எம்ப்ளாயீ, வாலண்டியர், ஜப்பானீஸ். கமிட்டி மட்டும் 'மி'-ல.

செந்தில் மாமா: பிழை திருத்துறவங்க முதல்ல தேடுற இடம் ஒண்ணு: 'சீட்'னு முடியுற வினை. சூப்பர்சீட் மட்டும் எஸ்-இ-டி-இ. மேல ஏறி உட்காருறதுனு லத்தீன்ல அர்த்தம், அதான் எஸ். சக்சீட், ப்ரொசீட், எக்சீட் மூணும் சி போட்டு ரெட்டை இ. ப்ரிசீட், ரிசீட், கன்சீட், இண்டர்சீட் மாதிரி மிச்ச வினை எல்லாம் சி-இ-டி-இ. ப்ரொசீட்ல ரெட்டை இ, ப்ரொசீஜர்ல ஒத்தை இ. அதுலதான் எல்லாரும் விழுவாங்க.

கோபி அண்ணா: ஒரே முடிவு உள்ள வார்த்தையை மொத்தமா எடுக்கணும்னா சொல்றேன். ஒன்லுக்ங்கிற அகராதித் தேடல் தளத்துல நட்சத்திரக் குறி போட்டு, இடைவெளி விடாம முடிவை டைப் பண்ணு. உன்கிட்ட சொந்தப் பட்டியல் இருந்தா லினக்ஸ்ல ரெவ், சார்ட், மறுபடி ரெவ்னு மூணு கட்டளையை வரிசையாக் குடு. வார்த்தை தலைகீழா மாறி, வரிசையாகி, நேராகும். ஒரே வால் எல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்துடும். வரிக் கடைசில ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா வரிசை குழம்பும், முதல்ல அதைச் சுத்தம் பண்ணிடு.

செந்தில் மாமா: 1775லயே ஜான் வாக்கர் இதைக் கையால பண்ணிட்டார். கடைசி எழுத்துலேர்ந்து அடுக்கின அகராதி.

கவின்: அப்படி எடுத்தா எதுகை மாதிரி ஒலி ஒத்துப்போற வார்த்தையும் கிடைச்சிடுமா?

கோபி அண்ணா: கிடைக்காது. ஓ-யூ-ஜி-எச் போட்டுப் பாரு: டஃப், காஃப், தோ, த்ரூ, பவ். அஞ்சும் அஞ்சு பக்கம் போகும். நேஷனும் ஆக்‌ஷனும் ஒரே வால், ஆனா ரைம் ஆகாது. நேஷனுக்கு ஸ்டேஷன்தான் ஜோடி. ரைம்னா கடைசியா முதன்மை அழுத்தம் விழுற உயிரொலிலேர்ந்து முடிவு வரைக்கும் ஒத்துப்போகணும். அதுக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட உச்சரிப்பு அகராதியை எடு, இலவசம். 1,34,000க்கு மேல வார்த்தை. ஒவ்வொரு உயிரொலிக்கும் பக்கத்துல 0, 1, 2னு எண் இருக்கும். 1 முதன்மை அழுத்தம், 2 துணை அழுத்தம், 0 அழுத்தம் இல்லாதது. கடைசி 1-லேர்ந்து பொருத்திப் பாரு. உச்சரிப்பு அமெரிக்கன்.

கவின்: சூப்பர் அண்ணா. அப்படியே இதுவும்: ஜி-ஆர்-ஒய்ல முடியுற வார்த்தை மூணு, ஆங்க்ரி, ஹங்க்ரி, மூணாவது என்னனு ஒரு ஃபார்வர்ட் வந்திருக்கு.

செந்தில் மாமா: புழக்கத்துல மூணாவதே கிடையாது. கேள்வியையே யாரோ அரைகுறையா நகல் எடுத்து அனுப்புறாங்க. அனுப்பினவர்கிட்டயே பதில் கேளு 😄