ரொறன்ரோவின் பனிக்காலத்தை வெளிக்குளத்தில் விரால் தாங்குமா?

கேள்வி – உப்புவெளி வாசி

வணக்கம். உப்புவெளியில் எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் சில ஆண்டுகளாக விரால் வளர்த்து வருகிறேன். மாரியில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் அவை இரையெடுப்பதைக் குறைத்துக்கொண்டு அடியில் கிடப்பதையும், இடையிடையே மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு மீண்டும் இறங்குவதையும் பார்க்கிறேன். ரொறன்ரோவிலுள்ள என் தம்பி, தன் வீட்டுப் பின்வளவில் குளம் வெட்டி விராலோ, அலிகேற்றர் கார் என்னும் பெரிய அமெரிக்க ஊனுண்ணி மீனோ வளர்க்க விரும்புகிறான். அங்கே நீர் வாரக்கணக்கில் உறைந்து கிடக்குமே, எவ்வளவு ஆழம் வேண்டும், நீரைச் சூடேற்ற வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி – கந்தளாய்க் குளத்தடி

ஐயா, ஆழத்தை விட்டு முதலில் மீனைத் தெரிவு செய்யுங்கள். நம் ஊர் விரால் வெப்பநாட்டு மீன். உறைநிலையை நெருங்கும் நீரில் பிழைக்காது. தென்னமெரிக்க மீன்களான அரபைமாவும் சிவப்புவால் கெளுத்தியும் அப்படியே. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கும் மெக்சிக்கோ வளைகுடாக் கரைக்கும் உரிய அலிகேற்றர் கார் ஓரளவு குளிரைத் தாங்கினாலும், இரண்டு மீற்றருக்கு மேல் வளரும் அந்த மீனுக்கு வீட்டுக் குளம் எந்தப் பருவத்திலும் போதாது.

சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரகிழக்கு ஆகிய இடங்களுக்குரிய வட விரால் மட்டும் பனிக்கட்டிக்குக் கீழேயும் உயிர்தரிக்கும். குளிரில் அதன் உடலியக்கம் தணிந்து, ஒட்சிசன் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனாலேயே அதற்கு அஞ்சுகிறார்கள். 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் அது இனம்பெருக்கியிருந்தது தெரியவந்தபோது, நஞ்சிட்டுத்தான் அழித்தார்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விரால் குடும்பம் முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஐரோப்பாவின் வெல்ஸ் கெளுத்திக்கும் அதே தடைதான்.

மறுமொழி – ஸ்காபரோவில் ஒரு திருமலையான்

அண்ணா, குளிரைத் தாங்கும் ஊனுண்ணி வேண்டுமென்றால் இந்நாட்டு நோர்தேர்ண் பைக் என்னும் மீனைத்தான் நினைக்க வேண்டும். ஆனால் மாகாண இயற்கைவள அமைச்சிடம் விதிகளைக் கேட்டறியாமல் ஒரு குஞ்சைக்கூட வாங்க வேண்டாம். பனிக்கட்டிக்குக் கீழும் வேட்டையாடும் மீன் அது. இரைமீன் தீர்ந்தால் தன்னினத்தையே விழுங்கும்.

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், மேற்பரப்பு உறைந்தாலும் ஆழமான குளத்தின் அடியில் ஏறக்குறைய அந்த வெப்பநிலை நிலைத்திருக்கும். ஒன்றரை மீற்றருக்குக் குறைந்த குளத்தை நான் நம்ப மாட்டேன். எனினும் மீனைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று, மூச்சடைப்பே. பனி மூடியதும் வெளிச்சம் புகாமல் நீர்த்தாவரங்கள் ஒட்சிசன் தருவதை நிறுத்த, அடியில் அழுகும் இலைகள் எஞ்சியதையும் உறிஞ்சி நச்சுவாயுவை வெளிவிடும். ஆகவே இலையுதிர்காலத்திலேயே சருகுகளை வலையிட்டு வாரிவிட்டு, காற்றுக்குமிழி விட்டுப் பனிக்கட்டியில் ஒரு துளையைத் திறந்து வைக்கும் காற்றுக்கல்லை அடியில் வைக்காமல் பாதி ஆழத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அடியில் வைத்தால் அங்குள்ள இளஞ்சூட்டு நீர் மேலே கலந்து குளம் முழுவதும் குளிர்ந்துவிடும். அந்தத் துளை மூடிக்கொண்டால் சுத்தியலால் அடிக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்க வேண்டும். முழுக் குளத்தையும் சூடேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தை மாதத்தில் ஓரிரவு மின்சாரம் நின்றாலே வெப்பநாட்டு மீன் எல்லாம் செத்துவிடும்.

மறுமொழி – தம்பலகாமத்தார்

திருகோணமலையில் அலிகேற்றர் கார் மீன் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023இல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அந்த மீன் அகப்பட்டது. நம் மாரிமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் அது வாய்க்கால் வழியே வயலுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். ஐப்பசிக்கு முன்பே வழிவாயிலுக்குக் கம்பிவலை அடித்துவிடுங்கள்.