பொருள்: ஷாக் அப்சார்பருக்குத் தமிழ், ‘உறிஞ்சி’யா ‘தணிப்பான்’ஆ?

இ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பிக்கப் வண்டிக்குக் கம்பெனியிடம் இல்லாமல் வெளிக்கடையில் வாங்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டுவது பற்றிய கையேடு, சொற்பட்டியலில் வந்து நிற்கிறது. சிங்கப்பூரில் உபி, காக்கி புக்கிட் பட்டறைகளில் ஸ்பேனர் பிடிக்கிற நம் ஆட்கள் எண்ணெய்க் கையோடு புரட்டப்போகிற கையேடு இது. சஸ்பென்ஷன் என்பதைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் ‘இடைநீக்கம்’ என்று வருகிறது. வண்டி செய்த குற்றம் என்ன, விசாரணை எப்போது என்று தெரியவில்லை.

என் பரிந்துரை: சஸ்பென்ஷன் – தொங்கல் அமைப்பு, லீஃப் ஸ்பிரிங் – இலைவில், காயில் ஸ்பிரிங் – சுருள்வில், ஷாக் அப்சார்பர் – அதிர்வு உறிஞ்சி. மறுப்பு இல்லையென்றால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

செ. எழுதியது:

> ஷாக் அப்சார்பர் – அதிர்வு உறிஞ்சி

அக்கா, மறுப்பு இருக்கிறது. இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஆட்கள் காசை விடுகிறார்கள்.

சக்கரம் கல்லில் ஏறும்போது அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது சும்மா வைத்திருக்காது, திருப்பிக் கொடுக்கும். அப்போது வண்டி எழும்பும், விழும், மறுபடி எழும்பும். இந்த ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே பிஸ்டன் சின்னத் துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது. அசைவு சூடாக மாறிப் போய்விடுகிறது. மலேசியாவில் கோத்தா திங்கி, மெர்சிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வரிவரியாக எழும்பிக் கிடக்கும் செம்மண் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அதன் உடம்பைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூடுதான் அது செய்த வேலைக்குச் சாட்சி. நிற்கும் வண்டியின் பாரத்தை அது தாங்குவதில்லை. வாயு நிரப்பிய வகை கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான்.

‘உறிஞ்சி’ என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, சரக்கு ஏற்றினால் இன்னும் அமுங்குகிறது, ஆகவே உறிஞ்சி போதவில்லை, பெரிதாக வாங்கு. வாங்கிப் பூட்டினால் தாழ்வு அப்படியே இருக்கும். கூடவே புதுத் தொல்லை ஒன்றும் வரும். ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அளவுக்கு மீறிக் கடினமான ஷாக் அதை நிமிர விடாமல் பிடித்து வைப்பதால் வரிச் சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போய், கடைசியில் ரப்பர் கட்டையில் இடிக்கும். உறிஞ்சவில்லை என்று மறுபடி கடைக்கு ஓடுவார்.

ஆகவே ‘தணிப்பான்’. பிரிட்டிஷ்காரர்களும் டேம்ப்பர் என்றுதான் சொல்கிறார்கள். பட்டறையில் இப்போது வழங்கும் சொல் ‘அப்சர்வர்’. தேர்தல் பார்வையாளர் நினைவுக்கு வந்தாலும், அந்தச் சொல் யாரையும் தவறான பொருளை வாங்க வைக்கவில்லை.

இலைவில்லும் வேண்டாம். லாரிப் பட்டறையில் அது பட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் போல்ட் போட்டால் பட்டைக்கட்டு. ‘மூணாம் பட்டை உடைஞ்சிருக்கு’ என்றால் எல்லாருக்கும் புரியும். மூன்றாம் இலை உதிர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொங்கல் அமைப்பும் பொருந்தாது. குதிரை வண்டியின் கூண்டைத் தோல்வாரில் தொங்கவிட்ட காலத்துப் பெயர் அது. பிக்கப்பில் எதுவும் தொங்கவில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மாட்டு வண்டியில் பட்டை வைத்தவுடன் நம் ஊரில் என்ன பெயர் வைத்தார்கள்? வில்வண்டி! அந்த வழியில் ‘வில்லமைப்பு’ என்கிறேன்.

வ. எழுதியது:

செ. சொல்வது சரி. இலக்கணமும் அவர் பக்கம்தான். உகரத்தில் முடியும் வினைக்கு இகர விகுதி இயல்பாகச் சேரும்: மாற்று – மாற்றி, தேக்கு – தேக்கி. நம் அடுக்குமாடிகளில் எல்லாரும் தினமும் ஏறி இறங்கும் மின்தூக்கியும் அப்படி வந்ததுதான். ‘தணி’ இகரத்தில் முடிவதால் அந்த வழி அடைபடுகிறது. ‘அழி’யிலிருந்து அழிப்பான் வந்ததுபோல் தணிப்பான்தான் சரியான வடிவம். ‘ஆன்’ விகுதி ஆண்பால் போல இருக்கிறதே என்று யாராவது கேட்டால், பென்சில் டப்பாவில் இருக்கும் அழிப்பானைக் காட்டுங்கள்.

இரண்டு கேள்விகள். ஒன்று, வில்லமைப்பு என்றால் வில் மட்டும்தானே? சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள், மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், தணிப்பான் எல்லாம் எங்கே போகும்? இரண்டு, தணிப்பானுக்கு இரண்டு திசை உண்டு. கம்ப்ரஷன், ரீபவுண்ட் இரண்டுக்கும் சொல் இல்லாமல் தேர்வைப் பற்றி எழுத முடியாது. ‘அழுத்தத் தணிப்பு’, ‘மீட்சித் தணிப்பு’ என்று வைத்தால்?

செ. எழுதியது:

> வில்லமைப்பு என்றால் வில் மட்டும்தானே?

ஐயா, வில்வண்டி என்றால் வில் மட்டுமா? சக்கரம், அச்சு எல்லாம் சேர்ந்ததுதான். அதுபோல இதுவும் நிற்கும்.

> ‘அழுத்தத் தணிப்பு’, ‘மீட்சித் தணிப்பு’

அழுத்தம் டயரிலும் இருக்கிறது, தணிப்பானுக்குள் நைட்ரஜன் வாயுவிலும் இருக்கிறது. ஒரே பக்கத்தில் மூன்று அழுத்தம் வந்தால் குழப்பம். வில் என்ன செய்கிறது? அமுங்குகிறது, நிமிர்கிறது. ஆகவே அமுங்குதணிப்பு, நிமிர்தணிப்பு. கேட்டவுடனே எந்தத் திசை என்று தெரிகிறது.

இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு தேர்வு பற்றிய பகுதியை எழுதிப் பார்க்கலாம். முதலில் வில், பிறகு தணிப்பான், வரிசை மாறக்கூடாது.

வில்லைத் தேர்வதற்கு முன் எடை. கடைக்காரர் ‘எவ்வளவு லிஃப்ட் வேணும்?’ (எவ்வளவு உயர்த்த வேண்டும்) என்றுதான் தொடங்குவார். அதற்கு முன்னால் ‘எப்போதும் ஏற்றியிருக்கும் சுமை எவ்வளவு?’ என்ற கேள்வி வர வேண்டும். எஃகு முன்கம்பியும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் நடுப்புள்ளி முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் பிக்கப்பில் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3.085 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் ஏறுவது 100 அல்ல, 129 கிலோ; பின் அச்சிலிருந்து 29 கிலோ குறைகிறது. பின்னால் டெயில்கேட் ஓரத்தில் வைக்கும் சாமானுக்கும் இதே கணக்கு, திசை மட்டும் மாறும். சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டி மலேசியா போகும்போது டாங்கி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். 80 லிட்டர் டாங்கி என்றால் 60 லிட்டர் டீசல், சுமார் 50 கிலோ. அதையும் சேருங்கள்.

அடுத்தது இப்போதிருக்கும் வில்லின் விறைப்பு. (ஸ்பிரிங் ரேட்டுக்குப் பாடநூலில் சுருள்வில் மாறிலி. பட்டைக்கு அதில் சுருளே இல்லை. ‘விறைப்பு’ போதும்.) சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளவும். பின் அச்சுக்கு நேர் மேலே 300 கிலோ ஏற்றவும். 25 கிலோ மணல் மூட்டை என்றால் 12. வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி அளக்கவும். உருட்டாமல் அளந்தால் பட்டைகளுக்கு நடுவே உள்ள உராய்வு அதைப் பாதியிலேயே நிறுத்தி வைத்திருக்கும். 50 மி.மீ. இறங்கியிருந்தால், ஒரு பக்கத்துக்கு 150 கிலோவை 50 ஆல் வகுக்க 3: மில்லிமீட்டருக்கு 3 கிலோ, அதாவது ஏறக்குறைய 29 நியூட்டன். இந்த எண்ணோடு கடைக்குப் போனால் ‘ஹெவி டூட்டி’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை.

எப்போதும் 300 கிலோ என்று கணக்கிட்டுச் செய்த பட்டைக்கட்டைக் காலி வண்டியில் போட்டால் பின்பக்கம் துள்ளும், ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். வாரநாளில் காலியாகவும் வாரக்கடைசியில் சுமையோடும் போகிற வண்டிக்கு இரண்டு கட்டம் உள்ள கட்டு நல்லது. சுமை ஏறிய பிறகுதான் அடியில் இருக்கும் துணைப்பட்டை வேலைக்கு வரும்.

முன்பக்கம் சுருள்வில் சக்கரத்துக்கு உட்பக்கமாக, கீழ்க்கையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 2 மி.மீ. நகர்ந்தால் வில் ஏறக்குறைய 1 மி.மீ. நகரும். இதை ‘நெம்பு விகிதம்’ எனலாம். விறைப்பில் இந்த விகிதம் இரண்டு முறை பெருக்கப்படும்: மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் வில், சக்கரத்தில் 25தான். இதே காரணத்தால் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் அதனுள் தணிப்பானும் சேர்ந்த தொகுதி) தலையில் 25 மி.மீ. வளையம் வைத்தால் வண்டி 50 மி.மீ. உயர்கிறது. மலிவு, அதனால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பந்துமூட்டு எல்லையைத் தொடும்; முழுதாக அமுங்கும்போது சேஸிஸ் ரப்பருக்கு முன்பே தணிப்பான் உள்ளே முட்டி உடையும். நீளம் சரியாகச் செய்த ஸ்ட்ரட்டையே கையேடு பரிந்துரைக்கட்டும்.

திருகுவளையம் உள்ள ஸ்ட்ரட்டில் வளையத்தை வில்லை நோக்கித் திருகினால் ‘வில் கடினமாகும்’ என்பார்கள். ஆகாது. உயரம் கூடும், விறைப்பு அப்படியே. அதற்கு ‘முன்னமுக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமும் போகும்.

இனி தணிப்பான். வில்லின் விறைப்பை 30 சதவீதம் கூட்டினால், அதே அடக்கம் கிடைக்கத் தணிப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும் (வர்க்கமூலக் கணக்கு). கூட வேண்டியது பெரும்பாலும் நிமிர்தணிப்பு, ஏனென்றால் விறைப்பான வில் வேகமாக நிமிரும். புது வில்லுக்குப் பழைய தணிப்பானை வைத்தால் வேகத்தடை தாண்டியபின் மூன்று நான்கு முறை ஊஞ்சலாடும்.

இரட்டைக்குழாயா ஒற்றைக்குழாயா என்ற வழக்கில் என் தீர்ப்பு: சேற்றுக்கும் கல்லுக்கும் தடித்த இரட்டைக்குழாய். வெளிக்குழாய் நசுங்கினாலும் பிஸ்டன் ஓடும் உள்குழாய் தப்பிக்கும். நீண்ட வரிச் சாலைக்கு ஒற்றைக்குழாய். அதன் சுவரே காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் வெளியேறும். எண்ணெயும் வாயுவும் தனித்தனி அறையில் இருப்பதால் நுரை கட்டாது. எண்ணெய் நுரைத்தால் தணிப்பு போய்விடும், ஆறியபின் திரும்பி வரும். ‘காலையில் நல்லா இருந்துச்சு’ என்ற புகாரின் காரணம் அதுதான்.

ஏர்பேக் என்று விற்கும் துணை வில்லுக்குக் காற்றுப்பை என்று போடாதீர்கள். அது ஸ்டீயரிங்கில் இருப்பது. இது ‘காற்றுவில்’. எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: பட்டைக்கட்டு பாரத்தைச் சேஸிஸின் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது, காற்றுவில் நடுவே ஒரே இடத்தில் குத்துகிறது. பின் அச்சுக்கும் பின்னால் நீளும் பகுதியில் நிறையச் சுமை, நல்ல பள்ளம் இரண்டும் சேர்ந்தால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளையும்.

வ. எழுதியது:

நிமிர்தணிப்பு பிரமாதம், என் மீட்சியைத் திரும்பப் பெறுகிறேன். பட்டைக்கட்டின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளுக்கு மட்டும் ‘விலங்கு’ வேண்டாம். சிறையா காடா என்று தெரியாது. ஷேக்கிள் என்றே இருக்கட்டும்.

சட்டம் பற்றி ஒரு பத்தி வேண்டும். மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்று வகையாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, தேவைப்படுபவை, செய்யவே கூடாதவை. சாமான் வாங்குமுன் அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வில்லை விறைப்பாக்கினால் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்சச் சுமை எடை கூடிவிடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இ. எழுதியது:

தணிப்பான், வில்லமைப்பு, பட்டைக்கட்டு, விறைப்பு, நெம்பு விகிதம், முன்னமுக்கம், அமுங்குதணிப்பு, நிமிர்தணிப்பு, காற்றுவில் எல்லாம் ஏற்கப்பட்டன. ஆஃப்டர்மார்க்கெட்டுக்கு ‘பின்சந்தை’ என்று எழுதியிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். பட்டறைகளில் ‘கம்பெனி சாமான், வெளிச் சாமான்’ என்றே பேசுகிறார்கள். கையேட்டிலும் வெளிச் சாமான்.

பூட்டும் பகுதியின் வரைவு கீழே. திருத்துங்கள்.

“புதுப் பட்டைக்கட்டுக்குப் பழைய யூ-போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள், ஒருமுறை இறுக்கியபோதே அதன் மரை நீண்டிருக்கும். கட்டின் நடுபோல்ட் தலை அச்சுத் தட்டின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தபின் நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக முறுக்கவும். ஷேக்கிள் போல்ட்டையும் முன்புஷ் போல்ட்டையும் ஜாக்கியில் இருக்கும்போது கையளவில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரத்தில் வந்தபின் முறுக்கவும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகின்றனவா என்று பார்க்கவும். பின் அச்சில் சுமையறியும் பிரேக் வால்வு இருந்தால் அதன் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப மாற்றவும். இல்லாவிட்டால் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வீல் அலைன்மென்ட் செய்யவும். 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ-போல்ட்டை மறுபடி சோதிக்கவும்.”

செ. எழுதியது:

இரண்டு திருத்தம் அக்கா. உயர்த்திய வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அடியில் அதிர்வு வந்தால், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைச் சற்றுத் தாழ்த்தும் கட்டை தேவை என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று, ‘முறுக்கவும்’ என்பதை எல்லா இடத்திலும் ‘இறுக்கவும்’ என்று மாற்றுங்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் உள்ளே ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்கிறது, சில மாதத்தில் கிழிகிறது. முறுக்கு என்ற சொல் அந்தக் கோளாறுக்கு வேண்டும்.