ஆஸ்திரேலிய ஹாக்கி அணியின் காலம் முடிகிறதா?

எழும்பூர்_கேலரி எழுதியது:

2005 டிசம்பரில் சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியா ஆடிய ஆட்டங்களை விடாமல் பார்த்தேன், கோப்பையையும் அவர்கள்தான் வென்றார்கள். இந்தியா ஆடாத நேரத்தில் கேலரி பாதி காலியாக இருக்கும், அதனால் கீழே கம்பி வரைக்கும் இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்வோம். எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் பந்தை ஸ்டிக்கில் நிறுத்தித் தலையைத் தூக்குவதற்குள் இரண்டு மஞ்சள் சட்டைகள் அவர் முன்னால் வந்து நிற்கும். அவசரத்தில் அவர் தள்ளிவிடும் பந்து நேராக மூன்றாவது மஞ்சள் சட்டையிடம் போகும். அந்த மூன்றாவது ஆள் ஓடி வந்து எடுப்பதில்லை, பந்து அங்கேதான் வரும் என்று தெரிந்து முன்பே அங்கே நிற்பார். அதைப் பார்த்ததிலிருந்து இந்தியா ஆடாத ஆட்டங்களில் எல்லாம் எனக்கு அவர்கள்தான் அணி.

1992 பார்சிலோனாவிலிருந்து 2012 லண்டன் வரை ஆறு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் வாங்கியவர்கள். 2008 முதல் 2012 வரை ஐந்து சாம்பியன்ஸ் டிராபி வரிசையாக. 2010, 2014 உலகக் கோப்பைகள். காமன்வெல்த் போட்டியில் ஹாக்கி சேர்க்கப்பட்ட 1998 முதல் 2022 வரை ஏழு தங்கமும் அவர்களுடையதுதான், வேறு எந்த ஆண்கள் அணியும் அதைத் தொட்டதே இல்லை.

ஆனால் 2014க்குப் பிறகு உலகக் கோப்பையும் இல்லை, ஒலிம்பிக் தங்கமும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்திடம் 6-2 தோல்வி, காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-0 தோல்வி. நடுவில் நம்மிடம் 3-2. நாம் ஜெயித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஒலிம்பிக்கில் அவர்களை வென்று 52 வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஒரு விஷயம் மனதை உறுத்தியது. நம் பையன்கள் பயப்படவே இல்லை. அவர்களும் பயமுறுத்தவில்லை. இது தற்காலிகச் சறுக்கலா, இல்லை இறங்குமுகமா? ஹாக்கியை நெருக்கமாகப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

தம்பி, இறங்குமுகம் என்ற வார்த்தையை இவ்வளவு சுலபமாகப் போடக்கூடாது. இறங்குமுகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 1928லிருந்து 1956 வரை ஆறு தங்கம் வாங்கிய நாடு 1976 மான்ட்ரியலில் ஏழாவது இடம். ஒலிம்பிக்கில் முதல் தடவையாகச் செயற்கைப் புல்தரை போட்டார்கள், நம்மிடம் அது இல்லை, கட்டாந்தரையில் பழகிய கைகளுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. 1980ல் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது, ஆனால் பல நாடுகள் வராத ஒலிம்பிக் அது. கடைசியில் 2008ல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்த பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு உலகக் கோப்பை, மூன்று ஒலிம்பிக் தங்கம். ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றுக்கும் தகுதி பெறவில்லை. வீழ்ச்சி என்றால் அது. ஆஸ்திரேலியா டோக்கியோவில் இறுதி ஆட்டம் வரை வந்து 1-1 என்று முடித்து ஷூட் அவுட்டில் தோற்ற அணி. 2024 ஏப்ரலில் பெர்த்தில் நம்மை ஐந்துக்கு ஐந்து அடித்து அனுப்பியது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

அவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பெல்ஜியத்தை இருபது வருடத்துக்கு முன்னால் யார் கணக்கில் எடுத்தார்கள்?

மூன்றாம்_குவார்ட்டர் எழுதியது:

கோவில்பட்டி அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதோடு நிறுத்திவிட்டால் முக்கியமான கேள்வி விட்டுப்போகிறது. ஏன் குறிப்பாக இவர்களுக்கு எதிராக வளர்ந்தார்கள்?

2014க்குப் பிறகு உலகக் கோப்பை, ஒலிம்பிக் இரண்டிலும் அவர்களை வெளியே அனுப்பியது யார் என்று வரிசையாகப் பாருங்கள். ரியோ காலிறுதி நெதர்லாந்து, 4-0. புவனேஸ்வர் 2018 உலகக் கோப்பை அரையிறுதி மறுபடியும் நெதர்லாந்து, ஷூட் அவுட். டோக்கியோ இறுதி பெல்ஜியம், ஷூட் அவுட். 2023 அரையிறுதி ஜெர்மனி, 4-3. பாரிஸ் காலிறுதி நெதர்லாந்து. ஐந்தும் ஐரோப்பா.

என் கணிப்பு இதுதான், தவறென்றால் திருத்துங்கள். அந்த அணியின் உயிரே ஓட்டம். ரிக் சார்ல்ஸ்வொர்த் பயிற்சியாளராக இருந்த 2009-2014 காலத்தில் அது உச்சத்துக்குப் போனது. ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார், களத்தில் இருக்கும் பதினொரு பேரும் எப்போதும் புதுக் காலோடு இருப்பார்கள், எதிரணி 25ஆவது நிமிடத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், அங்கிருந்து கோலாகக் கொட்டும். 2010 டெல்லி காமன்வெல்த் இறுதியில் நம்மை 8-0 என்று அடித்ததும், 2014 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-1 என்று அடித்ததும் அந்த ஓட்டம்தான். பெனால்டி கார்னரில் (தற்காப்பு அணி தன் கோல் வட்டத்துக்குள் தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) ஆஸ்திரேலியாவின் சிரியெல்லோ ஹாட்ரிக் போட்டார், சரி, ஆனால் அத்தனை கார்னர் கிடைத்ததே எதிரணி களைத்துப்போய்க் காலில் பந்தை வாங்கித் தப்பு செய்ததால்தான்.

அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு ஆட்டத்தின் நேரத்தையே மாற்றிவிட்டார்கள். 35 நிமிடப் பாதி இரண்டு என்பது போய் 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு. நடுவில் இரண்டு நிமிட இடைவேளை. பெனால்டி கார்னர் கொடுத்தால் 40 விநாடி கடிகாரம் நிற்கும். இவ்வளவும் யாருக்கு லாபம்? மூச்சு வாங்குகிறவனுக்கு. முன்பு 25ஆவது நிமிடத்தில் உடையும் அணிக்கு இப்போது 15ஆவது நிமிடத்திலேயே தண்ணீர் குடித்துத் தெளிய வாய்ப்பு கிடைக்கிறது. கூடவே ஐரோப்பியர்கள் அந்த ப்ரெஸ்ஸை, அதாவது பந்து வைத்திருப்பவரை முன்னேறி வந்து நெருக்கும் முறையை, அவிழ்க்கும் வழியையும் கற்றுக்கொண்டார்கள். மேலே வந்து விழுபவர்களின் தலைக்கு மேல் ஏரியல், அதாவது பந்தை உயரத் தூக்கி, போட்டு அனுப்பிவிடுகிறார்கள், ஓடி வந்த மூன்று பேரும் ஆட்டத்துக்கு வெளியே.

2023 அரையிறுதியை மறுபடி ஒருமுறை பாருங்கள். இடைவேளையில் ஆஸ்திரேலியா 2-0. பழைய ஆஸ்திரேலியா என்றால் அங்கே ஆட்டம் முடிந்தது. 58ஆவது நிமிடத்தில்கூட 3-2 என்று முன்னிலை. அடுத்த நிமிடம் ஜெர்மனியின் பெய்லட் தன் மூன்றாவது கோலைப் போட்டார், கடைசி நிமிடத்தில் வெல்லன் முடித்துவிட்டார். கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணியை நசுக்குவதற்குப் பெயர்போன அணி, கடைசி இரண்டு நிமிடத்தில் நசுங்கியது. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கிரீன்_டர்ஃப் எழுதியது:

நீங்கள் சொல்லும் நான்கு குவார்ட்டர் காலத்தில்தானே 2016, 2018 சாம்பியன்ஸ் டிராபியும், 2019, 2023-24 ப்ரோ லீக்கும் அவர்கள் வென்றார்கள்? அதற்கு என்ன பதில்?

மூன்றாம்_குவார்ட்டர் எழுதியது:

நியாயமான கேள்வி. ப்ரோ லீக் மாதக்கணக்கில் ஓடும் புள்ளி ஆட்டம், 2019ல் மட்டும் கடைசியில் அரையிறுதி, இறுதி வைத்தார்கள், 2023-24ல் நாக் அவுட் கிடையாது. ஆழமான அணி அங்கே ஜெயிக்கும், அவர்களிடம் ஆழம் இப்போதும் இருக்கிறது. அந்த இரண்டு சாம்பியன்ஸ் டிராபி இறுதியும் நம்மோடுதான். 2016ல் 0-0, 2018ல் 1-1, இரண்டையும் ஷூட் அவுட்டில் எடுத்தார்கள். 2010ல் 8-0 அடித்தவர்கள் அதே எதிரணியிடம் 120 நிமிடத்தில் ஒரே ஒரு கோல். எண்ணிக்கையில் கோப்பை கூடியது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் அப்போதே மாறத் தொடங்கிவிட்டது. 2022 பர்மிங்ஹாமில் மறுபடி நம்மை 7-0 அடித்தது என் வாதத்துக்கு இடிக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

பெர்த்_வாசி எழுதியது:

பதினோரு வருடமாகப் பெர்த்தில் இருக்கிறேன். பென்ட்லியில் உள்ள ஹாக்கி ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து பக்கம், மகள் கிளப்பில் ஆடுகிறாள். தேசிய அணி வீரர்கள் எல்லோரும் வருடம் முழுவதும் இங்கே குடியிருந்து சேர்ந்து பயிற்சி எடுப்பதுதான் பல காலமாக இருந்த ஏற்பாடு. அதுதான் பலம், ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எழும்பூர்க்காரர் சொன்ன அந்த மூன்றாவது மஞ்சள் சட்டை அப்படித்தான் உருவானார்.

ஆனால் உலகத்தின் இந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு தினமும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி வீரர்கள் வாரா வாரம் கிளப் ஆட்டத்தில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள், சம்பளமும் உண்டு. இங்கே ஒரு பையன் குயின்ஸ்லாந்திலோ டாஸ்மேனியாவிலோ வீட்டை விட்டுவிட்டு வந்து, படிப்பையோ வேலையையோ பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். அதே உடம்புத் தகுதி உள்ள பையனைக் கிரிக்கெட்டும் ஃபுட்டியும் (ஆஸ்திரேலியக் கால்பந்து) பெரிய பணத்தோடு கூப்பிடுகின்றன. என் மகள் வகுப்பில் ஹாக்கி ஆடும் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கிளப் கட்டணமும் வருடா வருடம் ஏறுகிறது, போன வருடம் இரண்டு குடும்பங்கள் அதனாலேயே நின்றுவிட்டன.

மனம் தளர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். பாரிஸுக்குச் சில வாரம் முன்னால் இங்கே பயிற்சியில் அணி வீரர் மாட் டாசனுக்கு வலது மோதிர விரல் நொறுங்கியது. அறுவை சிகிச்சை செய்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள், நுனியை வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாரிஸ் போய் ஆடினார்.

எனக்குக் கவலை தருவது பெண்கள் அணியின் கதை. 1988, 1996, 2000 மூன்று ஒலிம்பிக் தங்கம். சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை. நடுவில் காமன்வெல்த் தங்கம் வந்தது, உலகக் கோப்பை இறுதிக்குப் போனார்கள், ஒவ்வொரு தடவையும் இதோ திரும்பிவிட்டார்கள் என்றுதான் இங்கே எல்லோரும் சொன்னார்கள். ஒரே நாடு, ஒரே ஸ்டேடியம், ஒரே ஏற்பாடு.

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

பெண்கள் அணியை நான் யோசிக்கவே இல்லை. அது கனமான விஷயம்தான். தகுதி பெறாமல் போவது மட்டும் வீழ்ச்சி என்று நான் நினைத்தது எங்கள் அனுபவத்தால். எப்போதும் நல்ல அணியாக இருந்து, எப்போதும் ஐந்தாவது, ஆறாவது என்று முடிப்பதும் ஒரு வகை வீழ்ச்சிதான் போலிருக்கிறது. இன்னொன்று, 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஹாக்கியே இல்லை. கடைசியாக எங்கே தங்கம் நிச்சயம் என்று இருந்ததோ அந்த இடமும் போய்விட்டது.

எழும்பூர்_கேலரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெர்த் அண்ணா, மகளை ஆட்டத்தை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, படித்ததும் பழைய ஆட்டங்களைத் தேடிப் போட்டுப் பார்த்தேன், அந்த இரண்டு நிமிட இடைவேளையில் எதிரணி நிமிர்வது அப்பட்டமாகத் தெரிகிறது. இப்போது பயிற்சியாளராக வந்திருக்கும் மார்க் ஹேகர் அந்தக் காலத்து முன்வரிசை ஆட்டக்காரர், கோல் போடுவது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு குவார்ட்டருக்கு ஏற்ற ஓட்டம் ஒன்றை அவர் கண்டுபிடிப்பாரா என்பதுதான் எனக்கு இப்போது கேள்வி.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. ஸ்கோரை விடுங்கள், அவர்களுடைய முதல் ஆட்டத்தில் முதல் பத்து நிமிடம் எதிரணியின் கடைசித் தற்காப்பு ஆட்டக்காரரை மட்டும் கவனிக்கப் போகிறேன். பந்து கிடைத்ததும் அவர் தலையைத் தூக்கிப் பார்த்துக் கொடுக்கிறாரா, இல்லை குனிந்தபடியே எங்காவது தள்ளிவிடுகிறாரா என்று.