சென்னை–லண்டன்: போக 6 மணி நேரம், வர 14 மணி நேரமா?

காவிரிக்கரை:
அம்மா ஜூன் மாதம் தங்கச்சி வீட்டுக்கு லண்டன் போகிறார். வயது 67, முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் சென்னையிலிருந்து காலை 5.30 புறப்பாடு, லண்டனில் அதே நாள் காலை 11.40 என்று இருக்கிறது. திரும்பும்போது மதியம் 1.10க்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலை 3.40க்குச் சென்னை. நேர வித்தியாசம் ஐந்தரை மணி என்று கூட்டிக் கழித்தால் போக 11 மணி 40 நிமிடம், வர 9 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ 10.40, 10.00 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறான். தூரம் 8,230 கி.மீ.தான், 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாமே? எது சரி? அம்மாவுக்கு இரண்டு வேளை சர்க்கரை மாத்திரை இருக்கிறது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

ஜன்னலோரம்:
பூமி கிழக்கே சுற்றுகிறது இல்லையா, அதனால் மேற்கே போகும்போது லண்டன் நம்மை நோக்கி வரும். போகும்போதுதான் நேரம் குறையும்.

ராடார்பிரியன்:
ஜன்னலோரம், அப்படி இல்லை. காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, இல்லாவிட்டால் மேலே எறிந்த பந்து பக்கத்துத் தெருவில் விழ வேண்டும்.

காவிரிக்கரை, டிக்கெட் சரி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், ஜூனில் வித்தியாசம் நாலரைதான். அதை வைத்துப் போட்டுப் பாருங்கள், 10.40, 10.00 சரியாக வரும்.

ஒன்பது மணிக் கணக்கு இடிப்பதற்குக் காரணம், டிக்கெட் நேரம் என்பது வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாசலில் நிற்கும் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்க வரிசையில் வட்டமடிப்பதும் அதில் சேர்த்தி. அப்புறம் 8,230 என்பது உருண்டை மேல் நூல் பிடித்த தூரம். அந்த நூல் காஸ்பியன் கடல் மேல் ஏறி உக்ரைன் வழியாகப் போகும், அந்த வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது, சுற்றித்தான் போகணும்.

போக வர 40 நிமிட வித்தியாசம் காற்றால். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று அடிக்கிறது, வரும்போது தள்ளிவிடும், போகும்போது முகத்தில் அடிக்கும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று முதுகில் தள்ளியதில் நியூயார்க்–லண்டன் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

காவிரிக்கரை:
நாலரை! தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். சரி, மாத்திரை?

மருந்துக்கடை அக்கா:
தம்பி, அம்மா இறங்கும்போது நம்ம ஊரில் மாலை 4.10. அவருக்கு அந்த ஒரு நாள் 28 மணி 30 நிமிடம் நீளும். இரவு வேளையை எப்போது போடுவது என்று டிக்கெட்டைக் காட்டி டாக்டரிடமே கேளுங்கள், சாப்பாட்டைப் பொறுத்து மாறும். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். சர்க்கரைக்காரர் சாப்பாடு வேண்டும் என்று விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சக்கர நாற்காலியும் கேளுங்கள், இறங்கியதும் நடை நிறைய இருக்கும்.

காவிரிக்கரை:
நன்றி அக்கா. நாற்காலி என்றால் அம்மா கோபப்படுவார், தங்கச்சியை விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.